வேலையை விட்டுவிட்டுக் கேம் செய்யலாமா?

அன்புள்ள அண்ணன்,

நான் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடி. வயது 25. இரண்டு வருடமாகக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராமராக வேலை செய்கிறேன். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் நாள் முழுக்க யாருடையதோ செயலிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருப்பது அலுத்துவிட்டது. சொந்தமாக ஒரு கேம் செய்ய வேண்டும். பாடும் மீன், வாவி, அதன் மேற்கே இருக்கிற படுவான்கரை எல்லாம் வருகிற பெரிய கதை. நாலு வருடம் பிடிக்கும். ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எரிக் பரோன் தனி ஆளாக நாலரை வருடத்தில் முடித்தாரே. கையிலிருக்கும் சேமிப்பு எட்டு மாதத்துக்குப் போதும். அப்பா வெள்ளாவெளிப் பக்கம் வயல் செய்கிறார். "கச்சேரியில் ஒரு அரசாங்க உத்தியோகம் பார், இல்லாவிட்டால் இருக்கிறதைப் பிடித்துக்கொண்டிரு" என்கிறார். அவருக்கு இதெல்லாம் விளங்காது. வேலையை விடலாமா? கேமைத் தமிழில் செய்யலாமா?

க.

தம்பி,

இப்போதைக்கு விட வேண்டாம்.

அப்பாவுக்கு விளங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இந்தத் தொழில் உங்களைவிட அவருக்குத்தான் நன்றாக விளங்கும் என்று படுகிறது. கடன்பட்டு விதைக்கிறார். நாலு மாதம் கையிலிருந்துதான் போகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் நெல் விலை விழுகிறது, அந்த விலையை வைப்பதும் அவரில்லை. கேம் செய்கிறவனின் நிலையும் இதேதான். ஆனால் அவர் போகத்துக்குப் போகம் வெட்டிப் பார்த்துவிடுகிறார். நீங்கள் எட்டு மாதச் சேமிப்போடு இறங்கி, நாலு வருடம் கழித்து முதல் கதிரைப் பார்க்கப் போகிறேன் என்கிறீர்கள்.

பரோனின் கதையைச் சொல்கிற எல்லாரும் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். அந்த நாலரை வருடத்தில் அவர் சியாட்டிலில் ஒரு அரங்கில் ஆட்களுக்கு இருக்கை காட்டிவிடுகிற பகுதிநேர வேலையும் பார்த்தார். வீட்டில் துணைவியின் சம்பளமும் இருந்தது. 2016 பெப்ரவரியில் கேம் வந்து உலகம் முழுக்க விற்றது உண்மை. அதே மாதம் வந்து, செய்தவனின் சொந்தக்காரர் மட்டும் வாங்கிய கேம்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சோறு போடுவது கேம் இல்லை. அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைகள் சிலவற்றுக்கு எழுதிக் கொடுத்த ஒரு சின்ன மென்பொருள். மூடை எத்தனை, ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேலே எவ்வளவு, அதற்கு என்ன கழிவு, யாருக்கு எவ்வளவு முற்பணம் போயிருக்கிறது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு போன் வரும்: "தம்பி, உங்கட சாமான் நிண்டு போச்சு, வெளியில மூணு லொறி நிக்குது." முதலாளி இல்லாத தொழில் என்று நினைத்து வந்தவன் நான். இப்போது ஏழு முதலாளிகள்.

என் முதல் கேம் முதல் ஐந்து மாதத்தில் சம்பாதித்தது 61 டொலர். கேமை விற்றுத் தருகிற இணையக் கடைக்காரன் 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவான். ஒருவழியாகச் சேர்ந்து அனுப்பியபோது வங்கியிலிருந்து காசு திரும்பிப் போய்விட்டது. என்ன காரணம் தெரியுமா? பெயர். வெளிநாட்டுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டேன். வங்கிப் புத்தகத்திலோ அப்பா முன்னெழுத்தாக ஒரே ஒரு எழுத்தில் முன்னால் நிற்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஏழு கிழமை போனது. நான் சம்பளத்தில் இருந்த காலம் என்பதால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

அதனால்தான் சொல்கிறேன், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் கேமை முடித்து, கடையில் வைத்து, அந்தக் காசு உங்கள் கணக்கில் விழும் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முடிகிற அளவு போதும். கணினிக் கேம் விற்கிற ஸ்டீம் கடையில் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்ட வேண்டும், 1,000 டொலர் வருமானம் வந்தால் அதைத் திருப்பித் தருவார்கள். விற்பதில் 30 வீதம் அவர்களுக்கு. கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர். அப்பிளில் வருடம் 99. கடைக்காரன் கேட்கிற வரிப் படிவத்தில் இலங்கை–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். அமெரிக்காவில் விற்பதில் 30 வீதம் பிடிக்கிற இடத்தில் 10 வீதம்தான் பிடிப்பார்கள். இன்னொன்று, டொலர் வருமானம் என்று மயங்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஆனபோது, நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் ஓடுகிற ஆலைக்குப் போய், தவிட்டுத் தூசிக்குள் இருந்து வேலை செய்தேன்.

சரி, தமிழ். செய்யுங்கள். ஆனால் முதல் நாளே எழுத்தைச் சோதித்துப் பாருங்கள். என் இரண்டாவது கேம் கொம்புமுறி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், கண்ணகி அம்மன் கோயிலோடு சேர்ந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டைக் கொழுவிக் கயிறு பூட்டி இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தலைப்பைத் திரையில் போட்டால், 'கொ' எழுத்தின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது! கேம் தொடங்குவதற்கு முதலே கொம்பு முறிந்துவிட்டது. அப்போது நான் பாவித்த எஞ்சினுக்கு, அதாவது கேம் செய்கிற மென்பொருளுக்கு, கணினிக்குள் 'க'வுக்குப் பின்னால் பதிவாகிற குறியை முன்னால் கொண்டுவந்து காட்டத் தெரியாது. சொற்களை எல்லாம் படமாக வெட்டி ஒட்டி ஒப்பேற்றினேன். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 என்ற எஞ்சின் இதைச் சரியாகச் செய்கிறது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

அந்தக் கேமை முதலில் விளையாடக் கொடுத்தது ஒன்பது வயது மருமகளிடம். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். திரையை வேகமாகத் தட்டத் தட்டக் கயிறு இழுபடும், அப்படித்தான் செய்திருந்தேன். அவள் தட்டவே இல்லை. விரலைக் கயிற்றில் வைத்துத் தன் பக்கம் இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். "மாமா, இது இழுபடுதில்ல." போனைத் தந்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். கயிற்றைக் காட்டிவிட்டுத் தட்டச் சொன்னது என் பிழை. மூன்று இரவு இருந்து முழுதையும் இழுக்கிற மாதிரி மாற்றினேன். நாலு வருடம் யாருக்கும் காட்டாமல் செய்திருந்தால் நாலு வருடமும் தட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

பாடும் மீன் வேண்டாம் தம்பி. மட்டக்களப்பில் கேம் செய்ய நினைக்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன். குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகிற பாதை, அந்த மிதவைப் படகு, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிள், மூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாவற்றையும் சரியாமல் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு அது போதாதா?

அதை முதலில் போனுக்குச் செய்யுங்கள். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறக்கிறவர்கள், கேமை வெளியிட அனுமதி கேட்பதற்கு முதல், 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருக்க வேண்டும். பத்துப் பேரைத் தேடிக்கொள்ளுங்கள். பதினோராவது ஆள் நான். பன்னிரண்டாவதாக அப்பாவின் போனில் போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருங்கள்.