பெரிய இசை நிறுவனம் இல்லாமல் ஒரு பெண் ராப் பாடகி முன்னேற முடியுமா?

முடியும், ஆனால் செலவுக் கணக்கும் அவர் தலையில்தான் விழும். லண்டனின் லிட்டில் சிம்ஸ் இதற்கு நல்ல உதாரணம்.

இயற்பெயர் சிம்பியாட்டு அஜிகாவோ, பிறந்தது 1994இல். பெற்றோர் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர். லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் வளர்ந்தவர், அங்கிருந்த இளைஞர் மன்றத்தில்தான் பாடிப் பழகினார். ஏஜ் 101 என்ற சொந்த லேபிளில் (பாடல்களை வெளியிடும் நிறுவனம்) 2015இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். நடிப்பும் உண்டு: 'டாப் பாய்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் ஷெல்லி இவர்தான்.

2021இல் வந்த நான்காவது ஆல்பம் 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்'. தலைப்பின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துப் பாருங்கள்: சிம்பி, அவருடைய செல்லப்பெயர்! கூச்ச சுபாவக்காரர் மேடையில் என்ன பாடுபடுகிறார் என்பதை முழு இசைக்குழுவின் முழக்கத்தோடு சொல்லும் ஆல்பம் அது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு, 2022இல்தான் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதுக்காரர்கள் அவரைச் 'சிறந்த புதிய கலைஞர்' என்றார்கள். நான்கு ஆல்பம் போட்டவர் புதியவராம்!

அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை அவர் ரத்து செய்தார். மேடைச் செலவு முழுவதும் சொந்தப் பணம். ஒரு மாதம் சுற்றினால் பெரும் நஷ்டம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனமாக இருந்தால் முன்பணம் தந்திருக்கும், பிறகு வருமானத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்.

சில மாதங்கள் கழித்து, அக்டோபரில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசு அந்த ஆல்பத்துக்கே கிடைத்தது. தொகை 25,000 பவுண்டு.