ஐந்து நட்சத்திரம் போட்டது யார்? முதியோர் இல்லம் தேடுபவர்களின் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. போன ஆண்டு பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சரியாக வருவதில்லை. அம்மா இல்லை. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், தம்பி துபாயில். கோவைப் பக்கம் மாதக் கட்டணம் வாங்கும் இரண்டு இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு கூகுளில் 4.9, இருநூறு ரிவ்யூவுக்கு மேல். இன்னொன்றுக்கு 4.1, அதில் நாலைந்து பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள். முதல் இல்லத்திலேயே சேர்த்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ரிவ்யூவை எவ்வளவு நம்பலாம்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அந்த இருநூறு பேரும் யார் என்று முதலில் பாருங்கள் அம்மா. ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேதி வரிசைப்படி எல்லாவற்றையும் படியுங்கள். நம் ஊர் முதியோர் இல்லங்களின் ரிவ்யூக்களில் ஒரு பெரும் பங்கு, பிறந்த நாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட வந்தவர்கள் எழுதியது. 'அருமையான சேவை, தாத்தா பாட்டிகளைப் பார்த்து மனம் நெகிழ்ந்தது' என்று மனதார எழுதியிருப்பார்கள். ஆனால் அவர்கள் அங்கே இருந்தது ஒரு மதியம். இன்னும் சிலர் சேர்த்த முதல் வாரத்திலேயே எழுதியவர்கள். அப்போது வீட்டுக்காரர்களுக்கு இருப்பது பெரும்பாலும் 'அப்பாடா' என்ற நிம்மதிதான். இந்த இரண்டு வகையையும் கழித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் அப்பாவையோ அம்மாவையோ அங்கே வைத்திருந்தவர்கள் எழுதியதை மட்டும் எண்ணுங்கள். இருநூறு, பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

குறை ஏன் கம்மியாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பெற்றவர் உள்ளே இருக்கும்போது யாரும் குறை எழுதமாட்டார்கள், அவர் தலையில் விடியுமே என்ற பயம். அவர் காலமான பிறகு எழுத மனசு வராது. ஆக, திட்டி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனவர்கள்தான். அந்த நாலைந்தையும் நிதானமாகப் படியுங்கள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்பது ஒரு ரகம். 'அம்மா விழுந்ததை மறுநாள்தான் சொன்னார்கள்' என்பது வேறு ரகம். இரண்டாவது மாதிரி ஒன்று இருந்தால், அதற்கு நிர்வாகம் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என்ன நடந்தது, அதன் பிறகு எதை மாற்றினோம் என்று சொல்லியிருந்தால் அந்த 4.1 எனக்கு 4.9-ஐ விடப் பெரிது.

அப்புறம், ரிவ்யூவில் பெயர்களைத் தேடுங்கள். எந்த ஆயாவை, எந்த அட்டெண்டரை, எந்த நர்ஸை மெச்சி எழுதியிருக்கிறார்கள்? மூன்று வருஷத்துக்கு முந்தைய ரிவ்யூவில் வரும் அதே பெயர் போன மாத ரிவ்யூவிலும் வந்தால், அந்த ஆள் அங்கேயே இருக்கிறார் என்று அர்த்தம். ஆள் நிலைக்கிற இல்லம்தான் நல்ல இல்லம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மாமியார் ஓர் இல்லத்தில் பதினான்கு மாதம் இருந்தார். ஓவல்டின் தொடமாட்டார், காபியை டவராவில் ஆற்றிக் கையில் கொடுத்தால்தான் மாத்திரை உள்ளே போகும் என்பதெல்லாம் ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சம்பளத் தகராறில் அவர் நின்றுவிட்டார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது மாமியார் பாதியாக இளைத்திருந்தார், மாத்திரைகள் தலையணை உறைக்குள் கிடந்தன. நட்சத்திரம் என்னவோ அப்போதும் குறையவில்லை.

அதனால் முன்னாள் ஊழியர்கள் எழுதும் ஒரு நட்சத்திர ரிவ்யூக்களைத் தள்ளிவிடாதீர்கள். 'இரண்டு மாதச் சம்பளம் பாக்கி', 'நைட் டூட்டிக்கு ஒரே ஆள், முப்பது பேரைப் பார்க்கணும்' என்று ஒருவர் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரில் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

போகும்போது ஞாயிறு பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், எல்லா இடமும் அப்போது பளிச்சென்றுதான் இருக்கும். இரவு ஏழு, ஏழரைக்குப் போங்கள். அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். படுத்திருக்கும் பெரியவர்களின் கை நகத்தைப் பாருங்கள், வெட்டி எத்தனை நாளாயிற்று என்று தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு என்று காட்டும் கட்டிலில் அழைப்பு மணி எந்தப் பக்கம் இருக்கிறது? அவருக்கு வராத வலது கைப் பக்கம் சுவரில் மணியை மாட்டிவிட்டு 24 மணி நேரக் கவனிப்பு என்றால் என்ன பயன்? தண்ணீர் டம்ளரும் இடது கைக்கு எட்ட வேண்டும்.

எழ முடியாதவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அதைக் குறித்துவைக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களின் விவரம் என்று தயங்கினால் பெயரை மறைத்துக் காட்டட்டும். 10, 12, 2, 4 என்று ராத்திரி முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல் கூட இல்லாமல் இருந்தால் அது காலையில் உட்கார்ந்து நிரப்பிய தாளாக இருக்கலாம்.

நர்ஸ் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஏஎன்எம் என்ற துணை நர்ஸ் படிப்பு இரண்டு ஆண்டு, ஜிஎன்எம் என்ற பொது நர்ஸிங் படிப்பு மூன்று ஆண்டு. படித்த நர்ஸ் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். வெள்ளைக் கோட் போட்ட எல்லாரும் நர்ஸ் இல்லை. பல இல்லங்களில் பராமரிப்பு வேலையைச் செய்வது வெளி மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள். பாசமாகவே பார்த்துக்கொள்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாதத்தில் பேச்சும் குழறுகிறது என்றால், 'ஒண்ணுக்கு வருது' என்று அப்பா சொல்வது புரிகிற ஓர் ஆளாவது ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும். குளிப்பாட்ட ஆண் அட்டெண்டர் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். அப்பாக்கள் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த இல்லமா என்று பாருங்கள். முன்பணம் எவ்வளவு, திரும்பத் தருவார்களா, எத்தனை நாளில், மாத நடுவில் கூட்டிப் போனால் கணக்கு எப்படி என்பதெல்லாம் கையெழுத்தோடு தாளில் வரட்டும். முடிந்தால் முதலில் ஒரு மாதம் மட்டும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மாமாவை ஓர் இல்லத்தில் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. சேரும்போது வாரம் ஒரு முறை டாக்டர் வருவார், பிசியோதெரபி உண்டு என்றார்கள். இரண்டும் இல்லை. அவர் அங்கே இருக்கும்போதே மோசமான ரிவ்யூ போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போடலாம், ஆனால் அதையே முதல் காரியமாகச் செய்யாதீர்கள். முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள், என்ன நடக்கவில்லை, எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும். பணம் கட்டிய ரசீதுகளை ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் வாங்காத தரும இல்லங்களுக்கு இந்த வழி சரிவராது, அங்கே சமூக நல அலுவலகம்தான். அடி, மிரட்டல், பட்டினி போன்ற எதுவும் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசுங்கள், மாமாவையும் அங்கிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

ரிவ்யூ எழுதும்போது தேதியும் நடந்ததும் மட்டும் போதும், வசவு வேண்டாம். மற்ற பெரியவர்களின் முகம் தெரியும் படம் போடாதீர்கள். இன்னொன்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: டயப்பர் மாற்றத் தாமதமானால் அந்த ஆயாவின் பெயரைப் போட்டுத் திட்டாதீர்கள். ஒரு மாடிக்கே அவர் ஒருவர்தான் என்றால், நீங்கள் எழுத வேண்டியது ஆள் போடாத நிர்வாகத்தைப் பற்றி.

கேள்வி: அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கையில் ஏதாவது கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தனியாகக் கையில் கொடுத்தால் அடுத்த கட்டில்காரருக்குக் கவனிப்பு குறையும், பல இல்லங்களில் அதற்குத் தடையும் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு அலுவலகம் மூலமாக எல்லாருக்கும் கொடுங்கள். இரவு வேலைக்காரர்களையும் சமையல்கட்டையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி, அம்மாவுக்கு அவர் என்ன செய்கிறார் என்று நாலு வரி ரிவ்யூவும் எழுதுங்கள். அடுத்து இடம் தேடி வரும் குடும்பம் படிக்கட்டும். அவருக்குச் சம்பளம் சரியாக வருகிறதா என்றும் ஒரு நாள் விசாரியுங்கள்.