வெள்ளைக்கல், செம்புரைக்கல், முள்காடு: சேலத்தில் கிராவல் சைக்கிள் எங்கே ஓட்டலாம்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 41. இத்தனை காலம் சாலைச் சைக்கிளில் ஏற்காடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அண்மையில், மண்ணிலும் கல்லிலும் ஓட்ட அகலமான டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில் புதர்வெளி, காடு, கைவிட்ட சுரங்கம் மூன்றையும் ஒரே நாளில் சுற்றி வருகிறார்கள். நம் ஊரிலும் மூன்றும் இருக்கின்றனவே! எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது? டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் வர ஆசைப்படுகிறாள். அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஆனால் அந்தக் காணொளிகளை நம்பி மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லைத் தோண்டிய சுரங்கக் குழிக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. பிறகு அந்த வட்டாரத்தின் புதர்வெளியையும் பைன் காட்டையும் சேர்த்து, 2006இல் ஹோகே கெம்பன் என்ற தேசியப் பூங்காவைத் திறந்தார்கள். கழிவு மேடுகளின் மீது ஏறிப் பார்க்கவே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரி தோண்டிய பள்ளங்களில் நீரை நிரப்பி ஏரிகளாக்கி, கரையோரம் சைக்கிள் பாதை அமைத்திருக்கிறார்கள். பெயர்தான் சுரங்கம்; அங்கே நடப்பது பூங்கா உலா. நம் குழிகளை அப்படி யாரும் மாற்றி அமைக்கவில்லை. அவை குத்தகை நிலங்கள். வேலி அறுந்து கிடப்பதால் மட்டும் அது பொதுவழி ஆகிவிடாது.

ஆகவே சுரங்க நிலத்தைச் சுற்றி ஓட்டுங்கள். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடிப் பக்கம் ஊராட்சிச் சாலைகளும் ஊர்களை இணைக்கும் மண் தடங்களும் இருக்கின்றன. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இந்தக் கல்லின் பெயரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய, கடும் வெப்பம் தாங்கும் செங்கல்லுக்காகத்தான் இந்தக் கல்லைத் தோண்டினார்கள். சாலைக்காக மண்ணை வெட்டிய இடம் எதிலாவது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த டியூனைட் பாறைக்குள் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சில நரம்புகள் நூல் கனம்தான் இருக்கும். சில கை அகலத்துக்கு விரியும். அந்த வெள்ளைதான் மேக்னசைட். இத்தகைய பாறை மக்கிய மண்ணில் மக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு. அதில் மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. முட்புதரும் புல்லும்தான் தாக்குப்பிடிக்கும். நீங்கள் தேடுகிற புதர்வெளிக்கு நம் ஊரில் மிக நெருங்கி வருவது இதுதான். ஐரோப்பியப் புதர்வெளியில் ஊதாப் பூ பூக்கும். இங்கே டயரில் முள் ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்தத் தளத்தில் இரண்டு தொல்லைகள். உடைந்த கல் கூர்முனையோடு கிடக்கும். டயரின் அடிப்பகுதியை விட்டுவிட்டுப் பக்கச் சுவரைக் கிழிக்கும். வாங்கும்போதே பக்கச் சுவர் தடித்த டயராகப் பார்த்து வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. அடுத்தது, வெள்ளைத் தூள். வெயிலில் செயினுக்குள் புகுந்து அரைக்கும். ஒரு தூறல் விழுந்தால் குழம்பாகி வழுக்கும். கோடையில் உலர்வகைச் செயின் எண்ணெய் போதும். வீடு திரும்பியதும் துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தூள் இன்னும் உள்ளேதான் போகும்.

குழிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விபத்து அங்கேதான் நடக்கும். திறந்தவெளிச் சுரங்கத்தைப் படிப்படியாகத்தான் வெட்டுவார்கள். வேலை நின்று சில மழைக்காலம் கடந்தால் படியின் விளிம்புக்கு அடியில் மண் அரித்துப்போகும். மேலே நிற்கிறவருக்கு அது தெரியாது. கழிவு மேடோ, கொட்டிய மண் தானாகச் சரிந்து நின்ற கோணத்தில் நிற்கிறது. சைக்கிளும் ஆளும் ஏறினால் மறுபடி சரியும். அடியில் தேங்கிய நீர் நீலமாக, அழகாகத் தெரியும். ஆழம் எவ்வளவு என்று மேலிருந்து சொல்ல முடியாது. செங்குத்தான சுவரில் பிடித்து ஏற இடம் இருக்காது. நன்றாக நீந்துகிறவர்களும் இத்தகைய குட்டைகளில் இறந்துபோவது இதனால்தான். இயங்கும் சுரங்கமாக இருந்தால் வெடிவேலையும் உண்டு. சிவப்புக் கொடி தெரிந்தாலோ சங்கு ஊதினாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி காற்று. உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. 70 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். டியூப் இல்லாத டயரானால் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டியூப் இருந்தால் 40க்குக் கீழே போகாதீர்கள். கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைத் துளை விழும். சாலைச் சைக்கிள் பழக்கத்தில் பலரும் 60, 70 என்று அடித்துவிட்டு, கை நடுங்குகிறது, சைக்கிள் சரியில்லை என்று குறைசொல்கிறார்கள். காற்று குறைந்தால்தான் டயர் கல்லைத் தழுவி உருளும். எடை 10 கிலோ கூடினால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

நம் பக்கம் டியூப் இல்லாத டயரையே பரிந்துரைப்பேன். காரணம் சீமைக்கருவேலமும் நெருஞ்சியும். வேலி வெட்டிய முள்ளைத் தடத்தின் ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஒரே காலையில் நாலு பஞ்சர் ஆவது இங்கே அதிசயமில்லை. டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் துளையை உருளும்போதே அடைத்துவிடும். ஒரு டயருக்கு 80 மில்லி ஊற்றுங்கள். புட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் சேலத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். முள் குத்தியிருந்தால் நடு வழியில் பிடுங்காதீர்கள். காற்று இறங்காதவரை அதுவே அடைப்பான். எதற்கும் ஒரு டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். பக்கச் சுவர் கிழிந்தால் திரவம் உதவாது.

மலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் தார்ச்சாலை உங்களுக்கு அத்துப்படி. கிராவல் சைக்கிளுக்கு அந்தச் சாலையில் தனி வேலை எதுவும் இல்லை. மேலே போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவே. காரில் ஏற்றிக்கொண்டு போய் மேலே ஓட்டினாலும் குற்றமில்லை. மேலே எஸ்டேட் ஓரத் தடங்களில் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள் வரும். செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 40 பல் இருந்தால் பின்னால் 42 பல் வரையாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் உருளும் கல்லில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்னும் கடும்பாறை. உச்சிச் சமவெளிகளில் அது காலங்காலமாக மழையில் கரைந்து செம்புரைக்கல்லாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டினார்கள். அந்தத் தளத்தின் குணம் கீழே உள்ள வெள்ளைக்கல்லுக்கு நேர்மாறு. கல் கிழிக்காது, உருளும். கெட்டித்த செம்மண் மேல் மிளகு அளவு முதல் கோலிக்குண்டு அளவு வரை உருண்டைகள் சிதறிக் கிடக்கும். வளைவில் முன்பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் உங்களுக்கு முன்பாகத் தரையில் படுத்திருக்கும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், வெளிப்பக்கப் பெடலை அழுத்தித் திரும்புங்கள். இதைச் சமதளத்தில் ஏதாவது ஒரு மைதானத்தில் பழகிக்கொண்டு மலைக்கு வாருங்கள்.

எந்தத் தடத்தில் ஓட்டலாம் என்பது மேலே இன்னும் சிக்கலானது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்த பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. நம் சேர்வராயன் காடு சந்தன மரம் விளையும் காடும்கூட. கூகுள் வரைபடத்தில் ஒற்றையடிப்பாதை தெரிந்தது என்ற பதில் வனக்காவலரிடம் எடுபடாது. மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றால் மட்டுமே காட்டுத் தடம். காப்பித் தோட்டத் தடங்கள் தனியார் நிலம். சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியுமாக அவைதான் இந்த மலையின் சிறந்த கிராவல் பாதைகள் என்பேன். வாசலில் இறங்கி, காவலாளியிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மேலாளரிடம் கேட்டுவிட்டு விடுவதும் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை உள்ளே ஆட்களும் ஜீப்பும் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், மறுத்தால் முகம் சுளிக்காமல் திரும்பிவிடுங்கள். இந்த இரண்டும் கிடைக்காத நாளில் நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்து ஊராட்சிச் சாலைகள் இருக்கின்றன. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். வாசலில் மிளகும் காப்பியும் காயும். சேர்வராயன் கோவில் சமவெளி மலைவாழ் மக்கள் வழிபடும் இடம். புல்லில் ஓட்டாமல் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

காட்டுமாடு உண்டு. விடியலிலும் அந்தியிலும் தோட்ட ஓரங்களில் நிற்கும். மணியடிக்காதீர்கள், விரட்டாதீர்கள், இடையில் புகுந்து கடக்காதீர்கள். நின்று, அது போகும்வரை காத்திருங்கள். இதனால்தான் மலைமேல் மண் தடத்தை ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

பருவத்தில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை சிறப்பு. மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீ பயம். ஏப்ரல், மே பிற்பகல்களில் இடிமழை. மழை வலுத்த நாட்களில் மலைப்பாதையையே மறந்துவிடுங்கள்: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏற்காடு சாலையில் போக்குவரத்து நின்றது.

இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ஏறும்போது நீங்கள் சேர்த்த ஆற்றல் முழுவதும் சக்கரத்தோடு சுழலும் அந்தச் சிறிய பிரேக் தட்டில் சூடாக மாறுகிறது. இரண்டு விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி. குப்பனூர் வழியாக இறங்குவதானால் சாலை இன்னும் குறுகல். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்து ஓட்டுங்கள்.

கடைசியாக மகள். மலைக்கும் வெள்ளைக்கல் பக்கத்துக்கும் இப்போது வேண்டாம். கஞ்சமலையைச் சுற்றித் தொடங்குங்கள். பெரும்பாலும் சமதளம், அடிக்கடி ஊர், தண்ணீரும் டீக்கடையும் உண்டு. அமாவாசை நாளை மட்டும் தவிருங்கள். சித்தர் கோவிலுக்கு வரும் கூட்டத்தில் சைக்கிள் நுழையாது. மலையடியில் கறுத்துக் கனக்கும் கல்லைக் கண்டால் எடுத்து, அதில் ஒரு காந்தத்தை வைக்கச் சொல்லுங்கள். மேக்னடைட் இரும்புத்தாது, ஒட்டும். 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலம் மாவட்டத்திலிருந்துதான் தாது போனது. அவளுக்குக் கிராவல் சைக்கிள் வாங்க அவசரப்பட வேண்டாம். இருக்கிற சைக்கிளில் பொருந்துகிற மிக அகலமான டயரைப் போட்டு, எடைக்கேற்பக் காற்றைக் குறைத்து, பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றி, அவள் விரல் எட்டும்படி பிரேக் பிடியை உள்ளே தள்ளிவையுங்கள். முதல் நாள் 15 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். போதும் என்று அவள் சொல்லும் இடத்தில் திரும்பிவிடுங்கள்.