மணிவண்ணன் நடிகரா, இயக்குநரா?

அன்புள்ள ஐயா,

டிவியில் மணிவண்ணன் நடித்த படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அவர் சிரிப்பு நடிகர், அவ்வளவுதான். போன வாரம் அப்பா, "அவர் பெரிய டைரக்டர்டா, நூறாவது நாள் எடுத்தவர்" என்றார். நம்பவே முடியவில்லை. நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறேன், அதில் நடிக்கவும் செய்கிறேன். ரெண்டிலும் கால் வைத்தால் எதுவும் தேறாது என்கிறார்கள். மணிவண்ணனை நடிகராக நினைவில் வைப்பதா, இயக்குநராகவா?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பா சொன்னது சரிதான். கோவைப் பக்கம் சூலூரில் பிறந்தவர் மணிவண்ணன். பாரதிராஜாவிடம் தொழில் கற்றார். நிழல்கள் (1980) படத்திற்கு எழுதினார். 1982-இல் கோபுரங்கள் சாய்வதில்லை படத்தின் மூலம் இயக்குநரானார். 2013 மே மாதம் வெளியான நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. அவர் இயக்கிய ஐம்பதாவது படம். அடுத்த மாதமே, ஜூன் 15-ஆம் தேதி, 58 வயதில் போய்விட்டார்.

அந்த ஐம்பதில் பல அவசரமாக எடுத்தவை. 80களில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று படம் என்று ஓடியவர் அவர். அந்த ஓட்டம் சில படங்களில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் நூறாவது நாள் (1984) இன்றைக்குப் போட்டாலும் நம்மை அசையவிடாது. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டு என்று சத்யராஜ் வந்து நிற்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

நடிகராக அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது கொடி பறக்குது (1988). குருநாதர் பாரதிராஜாவின் படத்தில் வில்லன். அப்புறம் நூற்றுக்கணக்கான படங்கள். நமக்குத் தெரிந்த மணிவண்ணன் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவர்தான். இங்கே கோலாலம்பூரில் கொங்குத் தமிழின் நக்கல் என் காதில் நன்றாகப் பதிந்தது அவராலும் சத்யராஜாலும்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில் அமைதிப்படையில் (1994) இருக்கிறது. படத்தை இயக்கியவரும் அவர், சத்யராஜ் நடிக்கும் அமாவாசையைத் தேர்தலில் நிறுத்தும் அரசியல்வாதியாக வருபவரும் அவர். ஓட்டு எண்ணும் காட்சியை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிவும் வர வர அமாவாசை உட்காரும் விதமே மாறும். பயந்து ஒடுங்கி இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக நாகராஜசோழன் என்ற அரசியல்வாதி ஆகிறான். எல்லோரும் சத்யராஜைப் புகழ்வார்கள், புகழத்தான் வேண்டும். நீங்கள் ஒரு தடவை சத்யராஜை விட்டுவிட்டு மணிவண்ணனை மட்டும் கவனியுங்கள். தன் கையை விட்டு ஆள் நழுவுகிறான் என்பது அவர் முகத்தில்தான் ஏறுகிறது. அந்த முகம் இல்லாவிட்டால் பக்கத்தில் நடக்கிற மாற்றத்தின் கனம் நமக்குப் பாதிகூட வந்து சேராது.

இயக்குநர் நினைத்திருந்தால் கைதட்டு வாங்கும் இடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கைதட்டு விழ என்ன வேண்டுமோ அதைத் தான் செய்தார். முதல்வன் (1999) படத்தில் அர்ஜுனோடு அவர் வரும் மாயகிருஷ்ணன் வேடமும் அப்படித்தான், அது ஷங்கர் படமாக இருந்தாலும். காட்சி யாருடையது என்று தெரிந்து நிற்பார். அதே ஆண்டு சங்கமம் படத்தில் நாட்டுப்புறக் கலைஞராக வந்தபோது காட்சி அவருடையது. அங்கே ஒதுங்கவில்லை, முழுசாக இறங்கி நடித்தார். அவரைச் சிரிப்பு நடிகர் என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தப் படத்தைத்தான். சுந்தர் சி. போன்றவர்கள் அவரிடம் உதவியாளராக இருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தம்பி, இரண்டையும் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. இயக்கத் தெரிந்ததால்தான் அவர் அப்படி நடித்தார். நம் மலேசியத் தமிழ்ப் படங்களில் கையில் காசு குறைவு என்பதால் ஒரே ஆள் எழுதி, இயக்கி, நடிப்பது சகஜம். அதில் தப்பில்லை. ஆனால் அப்படி எடுக்கும் நம் பிள்ளைகள் பலர் எல்லா நல்ல வசனத்தையும் தங்களுக்கே எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு வருத்தம் அங்கேதான். உங்கள் அடுத்த குறும்படத்தில் சிறந்த காட்சியை நண்பருக்கு எழுதுங்கள். அதில் அவருக்கு எதிரே நீங்கள் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். எடுத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.