பட்டில் வெள்ளை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் பட்டு ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சீனர்களின் பட்டையும் மையையும் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக்கொடுத்த உருவ வரைவைச் சேர்த்தால் அதுதானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது? நானும் சட்டத்தில் பட்டை இழுத்துக் கட்டி நீர்வண்ணத்தில் ஒரு முகம் வரைந்து பார்த்தேன். முதலில் வண்ணம் ஊறி ஓடியது. கஞ்சி போட்டபின் நின்றது. ஆனால் கன்னத்தில் வெளிச்சம் வர வெள்ளை வைத்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிட்டது. எங்கே தப்பு?

ர.

அன்புள்ள ர.,

முதல் கேள்விக்குப் பதில் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

ஹனோயில் பிரெஞ்சு ஓவியர் விக்தோர் தார்தியூவும் வியட்நாம் ஓவியர் நாம் சோனும் முன்னின்று அமைத்த இந்தோசீன நுண்கலைப் பள்ளி 1925-ல் வகுப்புகளைத் தொடங்கியது. ஆளை எதிரே உட்காரவைத்து வரைவது, உடற்கூறு, தூரத்தைப் படத்தில் காட்டும் முறை எல்லாம் அங்கே பாடம். முதல் அணி மாணவரான நுயென் ஃபான் சான் சிறுவயதிலேயே சீன எழுத்துத் தூரிகையில் கை பழகியவர். 1931-ல் அவர் வரைந்த ‘ஓ ஆன் க்வான் ஆட்டம்’ அதே ஆண்டு பாரிஸ் காலனியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அந்த ஆட்டம் நம் பல்லாங்குழிக்கு உறவுக்காரி. குழிக்குப் பதில் தரையில் கீறிய பத்துக் கட்டங்கள், இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய வீடு.

ஓவியத்தில் குந்தியிருக்கும் பெண்பிள்ளைகளின் உடல் கனம் ஆளைப் பார்த்து வரைந்த பயிற்சியிலிருந்து வந்தது. அவர்களுடைய கருத்த உடைகளோ தட்டையான பெரும் திட்டுகள். பின்னால் வெற்றிடம், ஓரத்தில் சீன எழுத்து. ஒரு பக்கம் விளக்கு வைத்ததுபோன்ற அழுத்தமான நிழல் கிடையாது. மண்பழுப்பின் ஏற்ற இறக்கத்திலேயே கன்னம் உருண்டுவிடுகிறது. எண்ணெய் ஓவியன் வெளிச்சத்தைக் கடைசியில் மேலே வைப்பான். இங்கே வெளிச்சம் முதலிலேயே பட்டில் இருக்கிறது, அதை மூடாமல் காப்பதுதான் வேலை. என் பார்வையில் இரண்டு மரபும் கலந்த இடம் இதுதான், கருப்பொருள் அல்ல.

இனி உங்கள் பட்டு. புடவைப் பட்டு வேண்டாம். மெல்லிய, சாயமேற்றாத, சாதா நெசவுப் பட்டு வாங்குங்கள். இழை சாயாமல் நேராக நிற்கும்படி சட்டத்தில் கட்டுங்கள். நனைந்தால் தொய்யும், காய்ந்தால் தானே இறுகும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, அகலத் தூரிகையால் ஒரே ஒரு பூச்சு. உங்கள் கஞ்சி அளவுக்கு மீறிக் கெட்டியாகிவிட்டது என்று நினைக்கிறேன். இழைகளின் இடைவெளி அடைபட்டால் வண்ணம் மேலேயே உட்கார்ந்து பின்னால் உதிரும். படிகாரம் கலந்த பசையும் ஓட்டத்தை நிறுத்தும், ஆனால் அதன் அமிலம் வருடக்கணக்கில் பட்டை நொறுங்கவைக்கும்.

கோட்டுப்படத்தைத் தனித்தாளில் முடித்துப் பட்டுக்கு அடியில் வைத்து நகலெடுங்கள். பட்டில் பென்சிலை அழித்தால் அழுக்குத் தடம் போகாது. வண்ணம் நீர்த்ததாக, வெளிறியதிலிருந்து கருமைக்கு. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்ததும் சட்டத்தைச் சாய்த்து, சுத்தமான தண்ணீரில் நனைத்த மெத்தென்ற தூரிகையால் கழுவுங்கள். இழைக்குள் போனது நிற்கும், மேலே தங்கியது போய்விடும். காயட்டும், மறுபடி பூச்சு, மறுபடி கழுவல். ஐந்தாறு முறைக்குப் பிறகு நிறம் பட்டுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அரைகுறையாகக் காய்ந்தபோது கழுவினால் கலங்கித் திட்டாகும். கரியால் செய்த கருப்பு மை மட்டும் ஒருமுறை காய்ந்தால் கழுவிப் போகாது. அதனால் கருங்கூந்தலைக் கடைசிக்கு வையுங்கள்.

உங்கள் வெள்ளை ஒளிபுகாத வண்ணம், பட்டின் மினுக்கத்தை மூடிவிட்டது. பாரிஸுக்குப் போன வியட்நாம் ஓவியர்கள் லே ஃபோவும் மாய் த்ரூங் தூவும் பட்டில் அத்தகைய வண்ணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் படம் முழுவதையும் அந்த அடர்த்திக்கே கட்டினார்கள். நீர்த்த பழுப்புக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு சுண்ணாம்பாகத்தான் தெரியும்.

முடிந்தபின் பின்புறம் மெல்லிய பசையால் ஸோ மரப்பட்டைக் காகிதம் போன்ற நீள்நாருள்ள தாளை ஒட்டுவார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி ஒட்டாவிட்டால் காற்றுக்குமிழி. அந்தத் தாளின் வெண்மையும் படத்தின் வெளிச்சத்தில் சேர்த்தி. அதனால் தாள் ஒட்டும்வரை எந்த நிறத்தையும் ‘இருட்டாக இருக்கிறது’ என்று முடிவுகட்டாதீர்கள்.

முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, ஒரே பழுப்பில் ஒரு மண்சட்டியை வரைந்து பாருங்கள். சட்டி உருண்டுவிட்டால் எழுதுங்கள், கன்னத்துக்கு வருவோம்.