சும்மா சொல்லிக் கொடுத்தவர்

கேள்வி: அம்மா, நான் பாளையங்கோட்டையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பின் பெயரில் இங்கே நடக்கும் அகாடமியில் மூன்று வருடமாகப் பயிற்சி எடுக்கிறான். மாதம் 2,500 ரூபாய். முன்பு பள்ளி மைதானத்தில் பி.டி. சார் ஒருவர் காலையில் சும்மா சொல்லிக் கொடுப்பார். அதை நிறுத்திவிட்டுத்தான் இங்கே சேர்த்தோம். அந்த சாரிடம் இப்போது ஏழெட்டுச் சின்னப் பையன்கள்தான் போகிறார்கள். இந்த நிலையில் கிளப் வேறு மாநிலத்துக்கு மாறுகிறது. அகாடமியை மே மாதத்தோடு மூடுகிறார்கள். அறுபது பிள்ளைகளில் ஐந்து பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டலில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். என் மகனும் அந்த ஐந்தில் ஒருவன். 'அங்கேயிருந்தும் கிளப்பை மாத்திட்டா பிள்ளை எங்கே போவான்?' என்று என் மனைவி மறுக்கிறாள். அவளுக்கு விளையாட்டு விவரம் தெரியாது. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்களை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள். அனுப்பட்டுமா, வேண்டாமா?
— ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: தம்பி, அனுப்ப வேண்டாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. அதை எடுக்காமல் மேலே போக முடியவில்லை.

'சும்மா சொல்லிக் கொடுப்பார்.'

சும்மாவா? காலை ஐந்தரைக்கு எழுந்து மைதானத்துக்கு வருகிறவர் சும்மா வருவதில்லை. என் தம்பி பள்ளியில் பந்து விளையாடிய நாட்களில், அவர்களுடைய பி.டி. சார் சைக்கிள் பம்போடு மைதானத்து ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றடிக்கும் ஊசியை நாக்கில் வைத்து எச்சில் படுத்தித்தான் பந்துக்குள் இறக்குவார். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழிந்துவிடுமாம். அந்தப் பந்து அவர் சம்பளத்தில் வாங்கியது. அடியில் ஓட்டை போட்ட பால் டப்பாவில் சுண்ணாம்பை நிரப்பி, குனிந்தபடியே கோடு போட்டுக்கொண்டு போவார். பிள்ளைகள் வந்து சேரும்போது அவருக்கு முதுகு பிடித்திருக்கும். உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இதைப் போல எத்தனையோ செய்திருப்பார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காசு கேட்காதவரின் வேலை நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இப்போது அவரிடம் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள்? நீங்கள் போன இடத்துக்குத்தான். நல்ல ஜெர்சி, கிளப்பின் சின்னம், வாடகைக்கு எடுத்த டர்ஃப். எல்லோரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கிளம்புவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். ஒரு நாள் வந்த பையன் மறுநாள் வரவில்லை. அந்த மனிதர் கேட்டைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் நின்றாரோ.

நம்ப வைத்துக் கழுத்தறுத்தது என்றால் அதுவும்தான், தம்பி. கிளப் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்கு மூன்று வருடம் முன்பே செய்துவிட்டீர்கள். கிளப்பாவது மே மாதம் வரைக்கும் தவணை கொடுத்தது.

சரி, கிளப் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்கு விவரம் தெரியாது என்கிறீர்கள். இந்தக் கடிதத்திலேயே விவரமான வரி அவர் கேட்ட கேள்விதான். 2019-ல் புனே சிட்டி கிளப் மூடப்பட்டு, அதன் இடத்தில் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்குக்குள் ஹைதராபாத் அணி வந்தது. அதே வருடம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. ஹைதராபாத் அணி 2021-22 சீசனில் கோப்பையே ஜெயித்தது. அப்படி ஜெயித்த அணியும் 2025-ல் டெல்லிக்குப் போய்ப் பெயர் மாறிவிட்டது. ஆறே வருடத்தில் ஓர் ஊருக்கு அணி வந்து, ஜெயித்து, போய்விட்டது. உங்கள் பையனுக்கு 19 வயதாக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், யாருக்கு விவரம் தெரியாது?

நம் மாநிலத்திலும் பார்த்தோம். சென்னை சிட்டி கிளப் 2017-ல் சென்னையில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் ஆடியது. அடுத்த சீசனே கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் எவ்வளவு கனவு கண்டிருப்பார்கள்! இன்று ஐ-லீக்கில் அந்த அணி இல்லை.

கிளப் இடம் மாறும்போது ஓர் ஊரில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கோச்சுகளின் சம்பளம் கிளப்போடு போகும். மைதான வாடகை நிற்கும். கிளப்பின் பெயரில் இளையோர் லீக்கில் ஆட இருந்த இடமும் போய்விடும். பெரிய லீக்கில் ஆட உரிமம் வேண்டுமானால் கிளப்புக்கு இளையோர் அணிகள் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. புது ஊரில் முதல் நாளே சிறுவர் அணியைக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஐந்து பேரை அழைப்பதில் பாசமும் இருக்கலாம். தேவை நிச்சயமாக இருக்கிறது.

இதற்காக கிளப் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நஷ்டம் வந்தால் முதலாளி கடையை மாற்றுவார், நீங்களும் கடை வைத்திருப்பவர்தானே. அவர்கள் போவதைவிட வந்தபோது நடந்ததுதான் எனக்கு வலிக்கிறது. வரும்போதே ஊரில் இருந்ததைக் காலி செய்துவிட்டார்கள், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். ஊர் மைதானம் நிறைந்திருந்தால் கிளப் போனதில் ஒரு ஜெர்சிதான் போயிருக்கும்.

உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு வீரரைப் பணம் கொடுத்து வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகும். நல்ல விதிதான். ஆனால் பதிவுள்ள கிளப்புக்கு மட்டும். கணக்கும் 12 வயதில்தான் தொடங்குகிறது. எட்டு வயதில் உங்கள் பிள்ளையின் இடது காலைத் தட்டி, 'இதாலயும் அடிலே' என்று சொன்னவருக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. நீங்களும் உங்கள் மகனும் மட்டும்தான் அவருடைய கணக்கு.

13 வயதுப் பிள்ளை அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. பதினாறு ஆகட்டும், அப்புறம் பேசலாம். எந்தக் கோச்சும் ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். ஹாஸ்டல்தான் வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு வருடா வருடம் தேர்வு நடக்கிறது. அதில் ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் அரசாங்கச் செலவு. அது ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாநிலத்துக்குப் போகாது.

மே மாதத்துக்குள் முடிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் மகன் அந்த கிளப்பின் பெயரில் இருந்தால், விடுவித்ததாக எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸைப் பூட்டிய பிறகு அதற்காக யார் பின்னாலும் அலைய முடியாது. பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் அவர்களிடம் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.

இங்கிலாந்தில் விம்பிள்டன் என்று ஒரு கிளப் இருந்தது. அதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002 மே மாதம் அனுமதி கிடைத்தது. மனம் வெந்துபோன ரசிகர்கள் அடுத்த மாதமே ஊர்ப் புல்வெளியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் தேர்வு வைத்துத் தங்களுக்கென்று ஓர் அணியைத் தொடங்கினார்கள். கீழ்மட்ட லீக்கில் ஆரம்பித்து 2011-ல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020-ல் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே சொந்த மைதானம் கட்டித் திரும்பினார்கள். அவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஏழெட்டுப் பேரோடு ஒருவர் இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறார்.

மீதி ஐம்பத்தைந்து பிள்ளைகளின் அப்பாக்களும் உங்களை மாதிரிதான் கடையில் உட்கார்ந்து மனம் குமைந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள். மாதம் 2,500 கொடுத்த வீடுகள் ஆளுக்கு 300 கொடுத்தாலும், அறுபது வீட்டுக்கு 18,000 ரூபாய். பந்து, வலை, சுண்ணாம்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டை, வெளியூர்ப் போட்டிக்கு வேன், எல்லாவற்றுக்கும் அது போதும். இடிந்தகரை, உவரிப் பக்கம் மணலில் பந்து உதைக்கும் பிள்ளைகள் உண்டு, வரச் சொல்லி ஆடுங்கள். பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது சாரை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அந்த சார் வீட்டுக்குப் போங்கள். போன் பண்ணிச் சொல்வது சரியாக வராது. அவர் முகம் கொடுக்காமல் உள்ளே போனாலும் வாசலில் நில்லுங்கள். மூன்று வருடம் அவர் கேட்டைப் பார்த்து நின்றிருக்கிறார், நீங்கள் ஒரு மணி நேரம் நிற்கலாம். உங்கள் பிள்ளை முன்னாலேயே, 'சொல்லாமப் போயிட்டோம் சார், தப்புதான்' என்று சொல்லுங்கள். அப்பா தப்பை ஒப்புக்கொள்வதை அவன் பார்க்க வேண்டும். காலில் விழச் சொன்னால் விழுவான், நல்ல பிள்ளை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஐந்தாம் நம்பர் பந்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் ஊசி நாலைந்தும் சேர்த்து வாங்குங்கள், அவரிடம் இருப்பது இந்நேரம் துருப்பிடித்திருக்கும்.