சாவி ஏன் ஒரே பையில்?

கேள்வி: நண்பர்கள் ஏழு பேராகத் தக்கலையில் ப்ளூஸ் என்ற, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைக்காக ஒரு கிளப் தொடங்கினோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஒரு கடை மாடியில் கூடி வாசிப்போம். யாருக்கும் சம்பளம் இல்லை, அனுமதியும் இலவசம். இப்போது வருவது மூன்று பேர்தான். எல்லா வேலையும் என் தலையில். அப்பாவை நெஞ்சுவலியோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, சாவி என்னிடம் இருந்ததால், அம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன். மற்றவர்களுக்கு ஏன் இந்த அக்கறை இல்லை? கிளப்பை மூடிவிடலாமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: அந்தச் சாவியைப் பற்றி முதலில் பேசுவோம், தம்பி.

பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். மருந்துச் சீட்டோடு எந்தக் கவுன்டரில் நிற்பது என்று அம்மா தடுமாறியிருப்பார். மகன் ஆம்ப்ளிஃபயருக்கு வயர் மாட்டக் கிளம்பிவிட்டார்! இன்று கூட்டம் இல்லை என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் யார் கோபித்திருப்பார்கள்? பெற்றவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பிள்ளைக்கு இடம் அந்த வராந்தாதான். இதில் நான் யாரோடும் வாதாடத் தயாராக இல்லை.

சரி, கிளப். மாற்றுச் சாவி செய்ய எவ்வளவு ஆகிவிடும்? ஏழு பேர் இருந்தபோதே ஏன் செய்யவில்லை? கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அன்று என்ன வாசிப்பது, யார் முதலில் வாசிப்பது என்பதையும் அநேகமாக நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். அப்படியானால் மற்றவர்கள் உங்கள் வீட்டு விருந்தாளிகள். விருந்தாளி பாயை மடித்து வைக்க மாட்டார்.

நீங்கள் நேசிக்கும் இசையின் வழக்கமே வேறு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பார், அதாவது தாள அளவுகள்; பெரும்பாலும் மூன்றே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள். நேற்று கிதார் பிடித்தவரும் கூடச் சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் தன் சுற்றை முடித்துத் தலையசைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். அவர் தடுமாறினாலும் பாட்டு நிற்காது. அது உழைத்துக் களைத்தவர்களின் இசையும்கூட. 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போன ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், பகலில் லாரி ஓட்டியும் தொழிற்சாலையில் பாடுபட்டும் இரவில் வாசித்தவர். ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்கு அக்கறை இருக்காது என்று சொல்லாதீர்கள்.

ஞாயிறு ஆராதனையில் கிதாரும் கீபோர்டும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? அவர்களை அழைத்து ஒரு சனிக்கிழமையை முழுதாக ஒப்படையுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். கை பரபரக்கும், பரவாயில்லை. கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்ய நினைத்தாலும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி (1975) குறைந்தது ஏழு பேர் வேண்டும். கணக்கு நோட்டு உங்களைத் தவிர வேறொருவரிடம் இருக்கட்டும். டிக்கெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். பணம் வாங்காமல் அமெச்சூர் சங்கம், அதாவது தொழிலாக இல்லாமல் ஆர்வத்துக்காக வாசிப்பவர்களின் சங்கம், நடத்தும் இசை நிகழ்ச்சிக்கு, பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குவதிலிருந்து காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. காசு வாங்கினால் அந்த விலக்கு போய்விடும்.

மூடலாமா என்கிறீர்கள். ஏழு பேர் தொடங்கியதைத் தனியாளாக மூட நீங்கள் யார்? வராமல் போன நான்கு பேர் வீட்டுக்கும் நேரில் போங்கள். ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.